நாற்பத்து மூன்றாவது டிக்

அந்த ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூடத் திருதிருவென்று விழிப்பார். ரீஸ்டார்ட் சார் என்று கேட்டால் போதும், 'கீழ்த்தளம், இடப்பக்கம், ஏ.சி. சத்தம் கேட்குற ரூம்' என்று கையைக் காட்டிவிடுவார். பிரிண்டர் ஓடவில்லையா, திரை உறைந்துவிட்டதா, மவுஸ் அடம்பிடிக்கிறதா, எதற்குப் போன் போட்டாலும் சார் கேட்கும் முதல் கேள்வி "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்பதுதான். பத்துக்கு எட்டுத் தடவை அதிலேயே சரியாகிவிடும். ஊருக்கெல்லாம் ரீஸ்டார்ட் சொன்ன மனிதர், தான் செய்ய வேண்டிய ஒரே ஒரு ரீஸ்டார்ட்டை மறந்தார் பாருங்கள், அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். சிரிக்காதீர்கள். இதில் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது.

கம்ப்யூட்டர் அறையில் இரண்டே பேர். ரீஸ்டார்ட் சார் ஒருவர், அவரைவிடப் பத்து வயது சின்னவர் இன்னொருவர். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் சார் அவரை மாப்பிள்ளை என்பார், அவர் சாரை மாமா என்பார். யாராவது முறை கேட்டால், "பொண்ணு மட்டும்தான் குடுக்கல, மத்தபடி எல்லா வேலையும் வாங்குறாரு" என்பார் மாப்பிள்ளை. இந்த இரண்டு பேர் கையில் அறுபத்தொரு சர்வர்கள்.

அந்த அறுபத்தொன்றிலும் ஓடுவது ஒரே இயங்குதளம். அதன் அடிவயிற்றில் சில லைப்ரரிகள் உண்டு. புத்தகம் படிக்கிற இடமல்ல. எல்லா நிரல்களுக்கும் பொதுவான சில வேலைகளைச் செய்து கொடுக்கிற தொகுப்பு. ரகசியமாகத் தகவல் அனுப்புவதற்கென்று அதில் ஒன்று. மருந்துச் சீட்டு எழுதும் நிரல், ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டும் நிரல், நோயாளிகளுக்கு நாள் குறிக்கும் நிரல் எல்லாம் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே பேசும். அதில் ஓட்டை விழுந்தால் எல்லார் வீட்டுக் கூரையிலும் ஓட்டை.

ஒரு திங்கட்கிழமை காலை, அந்த லைப்ரரியில் ஓட்டை இருக்கிறது, திருத்திய பதிப்பு வந்துவிட்டது, உடனே போடுங்கள் என்று அறிவிப்பு வந்தது. மாமாவும் மாப்பிள்ளையும் டீயைக்கூடக் குடிக்காமல் இறங்கிவிட்டார்கள். இங்கே ஒரு சங்கதியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. புதிய பதிப்பைப் போட்டால் மட்டும் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற வேலை, முடிந்ததாகாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தான் ஆரம்பத்தில் பிடித்த பழைய பிரதியைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். தொட்டியில் நல்ல தண்ணீரை மாற்றி நிரப்பிவிட்டீர்கள், சரி. நேற்றே குடத்தில் பிடித்து வைத்தவள் பழைய தண்ணீரைத்தானே குடிப்பாள்? குடத்தைக் கவிழ்த்து மறுபடி பிடிக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ரீஸ்டார்ட்.

இது சாருக்குத் தெரியாதா? அட, அவரே அச்சடித்த படிவத்தில் அவரே எழுதிய விதி அது: 'பேட்ச் போட்டு, ரீஸ்டார்ட் செய்தபின் மட்டுமே டிக்.' கீழே கோடு வேறு போட்டிருந்தார்.

அந்தப் படிவத்தில் சர்வருக்கு ஒரு வரி; நாற்பத்து மூன்றாவது வரியில் லேப் சர்வர். பேட்ச் போட்டாயிற்று. ரீஸ்டார்ட்டுக்கு அனுமதி கேட்டு மாடிக்குப் போனபோது லேப் மேடம் இரண்டு கையையும் குறுக்கே நீட்டிவிட்டார்.

"ஐயோ சார், இப்ப கையே வைக்காதீங்க. மெஷின்ல தொண்ணூறு பேர் ரத்தம் ஓடிட்டிருக்கு. நாலு மணிக்கு மேல வாங்க, நானே கதவைத் திறந்து விடறேன்."

நியாயமான பேச்சு. நாலு மணிக்கு எப்படியும் வரத்தானே போகிறோம் என்று சார் பேனாவை எடுத்து அந்த வரியில் டிக் போட்டார். அவ்வளவுதான். பட்டியல் கையோடு முடிந்தால் நன்றாயிருக்கும் என்ற சின்ன ஆசை. நாலு மணிக்கு எக்ஸ்ரே அறையில் திரை இருண்டுவிட்டது என்று அழைப்பு. அதைச் சரிசெய்து நிமிர்ந்தபோது ஆறு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தவர் மறுநாள் அந்தப் படிவத்தைப் பார்த்தார். அறுபத்தொரு வரியிலும் டிக். தன் டிக்கைத் தானே நம்பிக் கீழே கையெழுத்துப் போட்டார். நாமும் இப்படித்தான், நம் கையால் எழுதியதை நாம் சந்தேகப்படுவதே இல்லை.

பதினைந்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி முழுக்கத் திரைகள் பூட்டிக்கொண்டன. யாரோ உள்ளே புகுந்து கோப்புகளையெல்லாம் திறக்க முடியாதபடி மாற்றிவிட்டார்கள். டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். சிகிச்சை நிற்கவில்லை. ஆனால் அடுத்த இரண்டு வாரத்துக்கு யாருக்கு எந்த நாள், எந்த டாக்டர் என்கிற பட்டியல் மொத்தமாகப் போயிற்று. மறுநாள் காலை வரவேற்புக் கூடத்தில் ஜனம் நெருக்கியடித்து நின்றது.

எப்படி நடந்தது என்று துருவியபோது அகப்பட்டவர் பதிவக்கா.

பதிவு மேசையில் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருப்பவர். நாற்பது வயதுதான், ஆனால் அறுபது வயது டாக்டரும் பதிவக்கா என்றுதான் கூப்பிடுவார். வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. அந்தச் செவ்வாய் பதினொன்றேகாலுக்கு அவர் ஒரு மெயிலில் இருந்த இணைப்பைத் திறந்திருந்தார். 'நோயாளி பரிந்துரைக் கடிதம்' என்று போட்டிருந்ததாம். திறந்தால் வெற்றுப் பக்கம். கால் மணி நேரத்தில் எல்லாம் பூட்டிக்கொண்டது. வெளியிலிருந்து வந்த ஆய்வுக்காரர் அறுபத்தொரு சர்வரிலும் லைப்ரரியின் பதிப்பு எண்ணைப் பார்த்தார். எல்லாம் புதுசு, எல்லாம் பச்சை. ஓட்டை சர்வரில் இல்லை என்றால் பின்னே எங்கே? மெயில்தான். கேஸ் முடிந்தது.

பதிவக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "ஆமாம், நான்தான் தொறந்தேன்," என்றார். மேசையிலிருந்து எழுப்பி, பின்கட்டில் பழைய கோப்பு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தேடிப் போய் ஆறுதல் சொன்ன புண்ணியவான் யார் தெரியுமா? நம்ம ரீஸ்டார்ட் சார். "விடுங்க பதிவக்கா, யாருக்கும் நடக்கும்," என்றார். பாவம், அவருக்கும் அன்று ஒன்றும் தெரியாது.

தெரிந்தது அடுத்த புதன்கிழமை மத்தியானம். சர்வர்களையெல்லாம் மீட்டு, கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்த பிறகு, மாப்பிள்ளை ஒரு கோப்பைத் திறந்தார். தாக்குதல் நடந்த அன்று லேப் சர்வரை நிறுத்துவதற்கு முன் அதன் நினைவகத்தை அப்படியே பிரதி எடுத்து வைத்திருந்தார், கெட்டிக்காரர். எந்த நிரல் எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று வரிசையாக ஓடிய பட்டியலில் ஒரு வரியில் அவர் விரல் நின்றது.

"மாமா, இங்க வாங்களேன்."

சார் வந்து குனிந்தார். லேப் நிரல், ரகசிய லைப்ரரி, பழைய பதிப்பு. பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பு. வன்வட்டில் நீக்கப்பட்டுவிட்டது; ஆனால் நிரல் கையில் அது உயிரோடு இருந்திருக்கிறது.  சர்வருக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்று காட்டும் அந்தச் செவ்வாயின் பதிவேட்டைச் சார் திறந்தார். அந்த ஓட்டை வழியாக முதல் ஆள் நுழைந்த நேரம் பத்து நாற்பது. பதிவக்கா மெயிலைத் திறப்பதற்கு முப்பத்தைந்து நிமிஷம் முன்னால்! மெயில் இணைப்பையும் எடுத்து அலசினார்கள். வெறும் குப்பை விளம்பரம், பாதியில் உடைந்த கோப்பு. ஒரு எறும்பைக்கூட அது கடித்திருக்காது.

 மாப்பிள்ளை எழுந்து கதவைச் சாத்தினார்.

"மாமா, இந்தக் காப்பி இருக்கிறது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆய்வுக்காரரு கேக்கவே இல்ல. ஒரு டெலீட். முடிஞ்சுது."

"என்ன மாப்ள பேசுற?"

"உங்க நல்லதுக்குத்தான் பேசுறேன். இருபத்து மூணு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. கையெழுத்து உங்களோடது. பொய்க் கையெழுத்துன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அவ்வளவுதான். அந்தக்கா எப்படியும் மெயிலைத் தொறந்தாங்க இல்ல? அதுவும் தப்புதானே?"

கெட்டவர் பேசினால் காதைப் பொத்திக்கொள்ளலாம். நம்மேல் பாசம் உள்ளவர் பேசினால்தான் வம்பு. சார் டெலீட் பண்ணவும் இல்லை, பண்ணாதே என்று சொல்லவும் இல்லை. ஒரு நடை நடந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவரைக் கால்கள் நேராகக் கோப்பு அறைக்குக் கொண்டுபோய் விட்டன.

தூசி பறக்கிற அறை. பதிவக்கா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, பழைய சீட்டுகளைக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார். சாரைப் பார்த்ததும் துணியை இறக்கினார். எட்டு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"வாங்க சார். நாளைக்கு மீட்டிங்காம். ஒப்பந்தத்தை இத்தோட நிறுத்திடுவாங்கன்னு பேசிக்கிறாங்க."

"ம்."

"நிறுத்தட்டும் சார், நான் குறை சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்களுக்குத்தான் தெரியும்." ஒரு சீட்டுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டார். "அந்த மெயிலை நான் தொறக்காம இருந்திருந்தா, இதெல்லாம் நடந்திருக்காதுல்ல?"

இதோ வாய்ப்பு. தட்டில் வைத்து நீட்டிய மாதிரி. இல்லைம்மா, உங்களால் இல்லை என்று நாலு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. சார் என்ன செய்தார் தெரியுமா? ஜன்னலைப் பார்த்தார், தலையை இப்படியும் அப்படியும் இல்லாமல் ஒரு ஆட்டு ஆட்டினார், "அதெல்லாம் இப்ப எதுக்கு…" என்று முனகினார். பதிவக்கா அதை 'ஆமாம்' என்றே எடுத்துக்கொண்டார். அப்படித்தானே எடுத்துக்கொள்வார்! மெல்லத் தலையாட்டிவிட்டு மறுபடி துணியை மூக்குக்கு ஏற்றினார்.

அடப்பாவி மனுஷா என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. அவருக்கே தோன்றியிருக்கிறது. அன்று வீட்டில் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "உடம்பு சரியில்லையா?" என்று மனைவி கேட்டதற்கு, "மனசு சரியில்ல," என்றார். அந்த அம்மாள் அதற்குமேல் தோண்டவில்லை. தட்டை எடுத்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வியாழன் காலை பதினொன்று. கண்காணிப்பாளர் அறையில் நீள மேசை. கண்காணிப்பாளர், லேப் மேடம், நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர், ரீஸ்டார்ட் சார், மாப்பிள்ளை. பதிவக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கண்காணிப்பாளர் முரட்டு மனிதர் அல்ல. வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நினைக்கிறவர். பதிவக்கா எழுதிக் கொடுத்த கடிதத்தை வாசித்தார். 'என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்த இந்தத் தவறுக்கு நானே முழுப் பொறுப்பு' என்று சின்னப் பிள்ளை கையெழுத்து மாதிரி உருண்டை உருண்டையாக எழுதியிருந்ததாம்.

"சரி, தொழில்நுட்பப் பிரிவு இதுல ஒரு கையெழுத்துப் போடணும். 'மேற்கண்ட காரணம் சரி' அப்படின்னு. போட்டுட்டா முடிஞ்சுது." காகிதமும் பேனாவும் மேசைமேல் வழுக்கிக்கொண்டு சாரிடம் வந்தன.

பேனாவைத் திறந்தார். கோட்டுக்கு மேலே முனையை வைத்தார். மாப்பிள்ளை மேசைக்கு அடியில் அவர் முழங்காலைத் தொட்டார். போட்டுடுங்க மாமா என்று அர்த்தமா, வேண்டாம் மாமா என்று அர்த்தமா, இன்றுவரை மாப்பிள்ளை சொன்னதில்லை.

முதல் தடவை டிக்கைப் போட்டுவிட்டு நாலு மணிக்குப் போகாமல் விட்டாரே, அது மறதி. இது மறதி இல்லையே. தெரிந்தே போடுவதற்குக் கை வர மறுத்தது. பேனாவை மூடினார்.

"சார், இது சரியில்ல."

"எது சரியில்ல? வார்த்தையை மாத்தணுமா?"

"காரணமே சரியில்ல. அவங்க தொறந்த மெயில்ல ஒண்ணுமே இல்ல. உள்ள வந்தது லேப் சர்வர் வழியா. அதுல பேட்ச் போட்டேன், ரீஸ்டார்ட் பண்ணல. பண்ணாமலே பண்ணினதா டிக் போட்டேன். நாற்பத்து மூணாவது வரி. கையெழுத்து என்னோடது."

 லேப் மேடம் வாயில் கையை வைத்துக்கொண்டார். "நான்தானே நாலு மணிக்கு வாங்கன்னு…"

"நீங்க சொன்னது சரிதான் மேடம். வராதது நான்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சார். அவங்க தொறந்தது பதினொண்ணே கால். ஆள் உள்ள நுழைஞ்சது பத்து நாப்பது. ரெண்டுக்கும் ஆதாரம் இருக்கு." சொல்லும்போது குரல் உடைந்தது. "நேத்து மத்தியானமே எனக்குத் தெரியும். நேத்தே சொல்லியிருக்கணும்."

"காப்பி என்கிட்ட பத்திரமா இருக்கு சார்," என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு. டெலீட் பண்ணச் சொன்ன அதே மாப்பிள்ளை.

உங்கள் விஷயத்தைப் பிறகு பேசுவோம் என்று சொல்லிவிட்டுக் கண்காணிப்பாளர் பதிவக்காவின் கடிதத்தை நாலாக மடித்துக் கிழித்தார். "அந்தம்மாவைக் கூப்பிடுங்க." "நானே போய்ச் சொல்றேன் சார்," என்று ரீஸ்டார்ட் சார் எழுந்தார்.

பெஞ்சில் பதிவக்கா கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார் எதிரே நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார். பதிவக்கா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் சார்."

"என்ன வேண்டாம்?"

"எனக்காகப் பழியை நீங்க தூக்கிக்காதீங்க. உங்களுக்கும் குடும்பம் இருக்கு. நான்தான் தொறந்தேன், எனக்கு ஞாபகம் இருக்கு. என் கண்ணு முன்னாலதான் எல்லாம் நின்னுச்சு."

இதைச் சார் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார் என்று நினைத்திருந்தார், அழுவார் என்று நினைத்திருந்தார். நம்ப மாட்டேன் என்பார் என்று நினைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்திருந்த பதிவேட்டுத் தாளை எடுத்து, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, நேரத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார். பத்து நாற்பது. பதிவக்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நாப்பதுக்கு நான் மேசையிலேயே இல்ல சார். சக்கர நாற்காலில ஒரு பெரியவர் வந்தாரு, அவரை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டிருந்தேன்."

"அதைத்தான் சொல்றேன்."

அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் பதிவக்காவின் முகம் சிவந்தது. "ஒன்பது நாள்," என்றார். "ஒன்பது நாள் நான் கண்ணை மூடல சார். நேத்து உங்ககிட்ட வாய்விட்டுக் கேட்டேனே. நீங்க ஜன்னலைப் பார்த்தீங்க."

"ஆமா."

"தெரிஞ்சேதான் பார்த்தீங்களா?"

"தெரிஞ்சேதான்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல் அந்த இடத்துக்குப் போதாது என்று பட்டது. பதிவக்காவும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? கைப்பையைத் திறந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து அவர் மடியில் போட்டார். பழைய சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுதிய பெயர்களும் எண்களும், பக்கம் பக்கமாக.

"நாள் தப்பிப்போனவங்க சார். இருநூத்திப் பன்னண்டு பேர். கோப்பு ரூம்லேர்ந்து தேதி குறிச்ச சீட்டைத் தேடியெடுத்து, ஒவ்வொருத்தருக்கா என் போன்லேர்ந்து பேசி, வேற நாள் வாங்கிக் குடுத்தேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் என்னாலதான் ஆச்சு, மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன். இருநூத்திப் பன்னண்டு தடவை. இப்ப அவங்ககிட்டல்லாம் யார் போய்ச் சொல்றது?"

"நான் சொல்றேன்," என்றார் சார்.

"எல்லார்கிட்டயும்?"

"எல்லார்கிட்டயும். இப்பவே."

"அப்ப முதல் நம்பர்லேர்ந்து ஆரம்பிங்க. அது எங்கம்மா. கண் ஆபரேஷனுக்கு நாலு மாசம் காத்திருந்து கிடைச்ச நாள். அவங்க நாளும்தான் போச்சு. இத்தனை பேர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டியேடின்னு சொன்னவங்கதான், அன்னியிலேர்ந்து என்கிட்ட முகம் குடுத்துப் பேசல."

சார் போனை எடுத்து முதல் எண்ணை அழுத்தினார். நாலாவது மணியில் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கி, தான் யார், தன் வேலை என்ன, தான் செய்யாமல் விட்டது என்ன என்று, அந்த வயதான அம்மாளுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லம்மா. தப்பு என்னோடது. அவங்க வேலையும் போகல."  "அவ பக்கத்துல இருக்காளா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

போனை நீட்டினார். பதிவக்கா வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். "அம்மா," என்றார். "ம். ஆமாம்மா. சாப்பிட்டேன்." அதற்குமேல் முடியவில்லை. ஒன்பது நாளாக ஒருவர் முன்னாலும் அழாத பெண், நடைபாதையில் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்க்க, வாய்விட்டு அழுதார். "நான் இல்லையாம்மா," என்றார். "அது நான் இல்லையாம்."

சார் நோட்டை எடுத்துக்கொண்டு எதிர்ச்சுவரில் இருந்த ஆஸ்பத்திரிப் போன் பக்கம் போய், இரண்டாவது எண்ணை அழுத்தினார்.